அம்மா விழுந்தார், டாக்டர் ஏன் கணக்குப் போடச் சொன்னார்?

கேள்வி, பிப்ரவரி 2

அம்மாவுக்கு 74 வயது. ஆறு மாதத்துக்குள் இரண்டு முறை விழுந்துவிட்டார், நல்லவேளை எலும்பு எதுவும் உடையவில்லை. முதியோர் மருத்துவரிடம் கூட்டிப் போனோம். முழங்காலுக்கு எக்ஸ்ரே எழுதுவார் என்று பார்த்தால், வராந்தாவில் நடக்கவிட்டு நேரம் பார்த்தார். அப்புறம் நூறிலிருந்து மூன்று மூன்றாகக் கழித்துக்கொண்டே நடக்கச் சொன்னார். தொண்ணூற்று நான்கு வந்ததும் அம்மா நின்றுவிட்டார். அதைப் பார்த்து ஏதோ குறித்துக்கொண்டார். விழுவது கால் சமாச்சாரம், கணக்குக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம்? அம்மா எப்போதும் மெதுவாகத்தான் நடப்பார். மெதுவாக நடக்கிறவர் எப்படி விழுவார்?

பிப்ரவரி 2, இரவு

நல்ல டாக்டரிடம்தான் போயிருக்கிறீர்கள், விட்டுவிடாதீர்கள். விழுந்தேன் என்று வருகிறவரை எழுந்து நிற்கக்கூடச் சொல்லாமல் சத்து மாத்திரை எழுதி அனுப்புவதுதான் பல இடங்களில் நடக்கிறது.

அவர் செய்தது புது வித்தை இல்லை. ஸ்வீடனில் ஊமெயோ என்ற ஊரில் லுண்டின்-ஓல்சன் என்ற பிசியோதெரபிஸ்ட்டும் கூட இரண்டு பேரும் 1997-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் ஒரு சின்னக் கட்டுரை போட்டார்கள். முதியோர் குடியிருப்பில் இருந்த 58 பேர். அவர்களோடு கூடவே நடந்து போகும்போது பேச்சுக் கொடுத்துப் பார்த்தார்கள், அவ்வளவுதான் பரிசோதனை, கருவி ஒன்றும் கிடையாது. பதில் சொல்வதற்காக நடையை நிறுத்தியவர்கள் 12 பேர். அடுத்த ஆறு மாதத்தில் அந்த 12 பேரில் 10 பேர் விழுந்தார்கள். முதியவர் விழுவதைப் பற்றி அதற்குப் பிறகு வந்த ஆராய்ச்சிகளில் பல இந்த ஒரு சின்ன விஷயத்தைப் பிடித்துக்கொண்டு போனவைதான்.

காலுக்கும் கணக்குக்கும் என்ன சம்பந்தம் என்பதை நாளை எழுதுகிறேன், இப்போது அப்பாவுக்கு மாத்திரை கொடுக்கும் நேரம்.

பிப்ரவரி 3

சம்பந்தம் இதுதான். இளவயதில் நடை தன்னால் நடக்கிறது. எந்தக் காலை எப்போது தூக்குவது என்று நீங்களும் நானும் யோசிப்பதில்லை, மூளையின் அடிப்பகுதியும் சிறுமூளையும் தண்டுவடமும் தங்களுக்குள் பார்த்துக்கொள்கின்றன. வயதாக ஆக அந்தத் தானியங்கி வேலை தளர்கிறது. பாதத்தில் உணர்ச்சி குறைகிறது (சர்க்கரை இருந்தால் கேட்கவே வேண்டாம்), கண் மங்குகிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு மந்தமாகிறது, மூளையின் வெள்ளை இழைகளில் சின்னச் சின்னச் சேதங்கள் சேர்கின்றன. இத்தனை குறைகளையும் ஈடுகட்ட நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதி நடையை மேற்பார்வை பார்க்கத் தொடங்குகிறது. அதே பகுதிதான் பேச்சு, கணக்கு, ‘அடுப்பை அணைத்தேனா’ என்ற யோசனை எல்லாவற்றையும் பார்க்கிறது. ஒரே கிளார்க் இரண்டு கவுண்டரையும் பார்க்கும் வங்கிக் கிளையில் ஒரு வரிசை நின்றுதானே ஆகும். உங்கள் அம்மா கணக்குக்காக நடையை நிறுத்தினார்.

யோசிக்கும் திறன் என்றதும் எல்லோரும் ஞாபகமறதிக்குப் போய்விடுகிறார்கள். இங்கே ஞாபகம் அவ்வளவு முக்கியமில்லை. எதைக் கவனிப்பது, எதை விடுவது, வந்த உந்துதலை அடக்குவது, ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது, இவைதான் நடையோடு ஒட்டியிருப்பவை. டெல் அவிவில் 70 வயதைத் தாண்டிய, ஆரோக்கியமாகவே இருந்த சுமார் 250 பேரை ஐந்து வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். தொடக்கத்தில் இந்தக் கவனச் சோதனைகளில் பின்தங்கியவர்கள்தான் பின்னால் அதிகம் விழுந்தார்கள். பேரன் பிறந்தநாள், ஐம்பது வருடத்துக்கு முந்தைய சம்பளம் எல்லாம் துல்லியமாகச் சொல்கிறார், அதனால் மூளை நன்றாக இருக்கிறது, அவர் விழமாட்டார் என்று நினைப்பதற்கு ஆதாரம் இல்லை. எங்கப்பா அப்படித்தான். பொன்மலை ரயில்வே பணிமனையில் எந்த ஷெட்டில் எந்த வருடம் யார் ஃபோர்மேன் என்று இன்றும் சொல்வார். நடந்துகொண்டே சொல்லச் சொன்னால்தான் சிக்கல்.

பிப்ரவரி 3, கொஞ்சம் கழித்து

‘அப்படியானால் நடக்கும்போது பேசாதீர்கள் என்று சொல்லிவிட்டால் போதுமே’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஐயா, எங்கள் வீட்டில் நடையை நிறுத்தலாம், பேச்சை நிறுத்த முடியாது.

பிப்ரவரி 5

நடைவேகம் பற்றி. கேட்டவரின் அம்மாவுக்கு அந்த டாக்டர் எத்தனை விநாடி என்று சொன்னாரா தெரியவில்லை. வீட்டிலேயே பார்க்கலாம், செலவில்லை.

டேப் வைத்து நான்கு மீட்டர் அளந்து, தரையில் இரண்டு இடத்தில் செலோ டேப் ஒட்டுங்கள். இரண்டடி டைல்ஸ் போட்ட ஹாலாக இருந்தால் ஏழு கல்லுக்குச் சற்றுக் குறைவாக வரும். கோட்டில் நின்று கிளம்பச் சொல்லாதீர்கள், ஒரு மீட்டர் முன்னாலிருந்து கிளம்பட்டும், முடிவுக் கோட்டைத் தாண்டியும் ஒரு மீட்டர் போகட்டும், இல்லாவிட்டால் கிளம்புகிற தயக்கமும் நிற்கிற தயக்கமும் கணக்கில் சேர்ந்துவிடும். ‘வேகமாக நட’ என்றும் சொல்ல வேண்டாம், கடைக்குப் போகிற மாதிரி நடந்தால் போதும். போனில் ஸ்டாப்வாட்ச். நான்கு மீட்டருக்கு ஐந்து விநாடி ஆனால் விநாடிக்கு 0.8 மீட்டர். முதியவர் விழுவதைத் தடுக்க 2022-ல் வந்த உலக வழிகாட்டி நெறிமுறைகளில் அபாயம் உள்ளவரைப் பிரித்தறிய இந்த 0.8-ஐத்தான் கோடாக வைத்திருக்கிறார்கள். ஐந்து விநாடிக்கு மேல் போனால் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய விஷயம், பயப்பட வேண்டிய விஷயம் என்று இல்லை.

இரண்டாவது சுற்றில் ஏதாவது சொல்லிக்கொண்டே நடக்கவிடுங்கள். இங்கே ஒரு எச்சரிக்கை: அதிகம் படிக்காத பெரியவர்களிடம் கழித்தல் கணக்குக் கேட்பது அநியாயம், அது அவர்கள் மூளையை அளக்காது, நாலாம் வகுப்போடு நிறுத்திய பள்ளிக்கூடத்தைத்தான் அளக்கும். காய்கறிப் பெயர்களைச் சொல்லச் சொல்லுங்கள், அல்லது ஊர்ப் பெயர்கள். என் பெரியம்மாவிடம் சொந்தக்காரர் வீட்டுக் குழந்தைகளின் பெயர்களைக் கேட்டோம். வேகம் குறையவில்லை, ஆனால் இரண்டு குடும்பங்களை வேண்டுமென்றே விட்டுவிட்டார்.

முதல் வேகத்திலிருந்து இரண்டாவதைக் கழித்து, முதல் வேகத்தால் வகுத்து, நூறால் பெருக்கினால் எத்தனை சதவீதம் குறைந்தது என்று வரும். எல்லோருக்கும் கொஞ்சம் குறையும், எனக்கும் குறைகிறது. கனடாவில் மொன்டெரோ-ஒடாசோ என்ற மருத்துவரின் குழு லேசான மறதி உள்ளவர்களை வைத்து 2017-ல் வெளியிட்டதில், 20 சதவீதத்துக்கு மேல் குறைந்தவர்களுக்குப் பின்னாளில் டிமென்ஷியா என்ற மறதி நோய் வரும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. அது மறதி பற்றிய எண், விழுவதற்கான எண் இல்லை, இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இரண்டாவது சுற்றில் நீங்கள் பக்கத்தில், கை எட்டும் தூரத்தில், அரையடி பின்னால் வர வேண்டும். சோதனையிலேயே விழவைத்துவிடாதீர்கள்.

பிப்ரவரி 6

‘மெதுவாக நடப்பவர் எப்படி விழுவார்’ என்ற கேள்வியை நான் தாண்டிப் போய்விட்டேன் என்று ஒருவர் பிடித்துவிட்டார். சரி.

பாஸ்டனில் 70 வயதைத் தாண்டிய எழுநூற்றுச் சொச்சம் பேரிடம் பார்த்தார்கள், 2011-ல் வந்தது. மெதுவாக நடந்தவர்களும் அதிகம் விழுந்தார்கள், மிக வேகமாக நடந்தவர்களும் அதிகம் விழுந்தார்கள், நடுவில் இருந்தவர்கள்தான் தப்பித்தார்கள். ஆனால் விழுந்த இடம் வேறு. விநாடிக்கு 0.6 மீட்டருக்குக் கீழே நடப்பவர்கள் வீட்டுக்குள் விழுந்தார்கள், பாத்ரூம், படுக்கையறை, சமையலறை. 1.3-க்கு மேல் நடப்பவர்கள் வெளியே விழுந்தார்கள், நடைபாதை, ரோடு, படிக்கட்டு. வேகமாக நடப்பவர் நல்ல திடகாத்திரமாக இருப்பதால்தான் வெளியே போகிறார், போவதால் தடுக்குகிறது. நம் ஊர் நடைபாதையைப் பார்த்தால் பாஸ்டன்காரர்கள் அந்த எண்ணை மாற்றி எழுதியிருப்பார்கள்.

ஆக மெதுவான நடை பாதுகாப்பு தருவதில்லை, உள்ளே ஏதோ பழுது என்று காட்டுகிறது. தசை போயிருக்கலாம், மூட்டுத் தேய்ந்திருக்கலாம், இதயமாக இருக்கலாம், மூளையாக இருக்கலாம், ஏற்கெனவே ஒரு தடவை விழுந்த பயமாக இருக்கலாம். பயத்தை லேசாக எடுக்காதீர்கள். பயந்தவர் காலை அகட்டி, தரையைப் பார்த்து, சின்னச் சின்ன அடியாக வைப்பார், வெளியே போவதைக் குறைப்பார், அதனால் தொடைச் சதை கரையும், அப்புறம் நிஜமாகவே விழுவார்.

‘மெதுவா போங்கப்பா, மெதுவா போங்க’ என்று பின்னாலிருந்து கத்துவது எல்லா வீட்டிலும் நடக்கிறது. கத்தும்போது அவர் திரும்பிப் பார்க்கிறார். திரும்புகிற அந்த நொடிதான் ஆபத்தானது.

பிப்ரவரி 9

எங்கள் வீட்டில் நடந்தது அதுதான். காலையில் அப்பா கேட்டுக்குப் போய்ப் பால் பாக்கெட் எடுத்துக்கொண்டு திரும்புகிறார். இடது கையில் இரண்டு பாக்கெட், வலது கையால் கேட்டின் கொண்டியைப் போடுகிறார், போட்டுவிட்டு முதல் படியில் காலை வைக்கிற நேரத்தில் எதிர்வீட்டுக்காரர் ‘சார், இன்னைக்குக் கார்ப்பரேஷன் தண்ணி வருமா?’ என்கிறார். அப்பா தலையைத் திருப்பி ‘வரும்’ என்று சொல்லிக்கொண்டே இரண்டாவது படிக்குக் காலைத் தூக்கினார். செருப்பின் நுனி படியின் விளிம்பில் இடித்தது. முப்பது வருடமாக ஏறி இறங்குகிற படி. வெளிச்சம் இருந்தது, தரை காய்ந்துதான் இருந்தது, ரத்த அழுத்தமும் சரியாக இருந்தது. மணிக்கட்டு எலும்பு முறிந்தது. பால் பாக்கெட் மட்டும் உடையவில்லை, அதை இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார்.

ஆர்த்தோ டாக்டர் கட்டுப் போட்டார், கால்சியம் எழுதினார். எப்படி விழுந்தார் என்று யாரும் கேட்கவில்லை. பிசியோதெரபி படித்த அக்கா மகள்தான் லீவுக்கு வந்தபோது ‘மாமா, தாத்தாவை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போங்க, நான் பேச்சுக் கொடுத்துக்கொண்டே பின்னால் வருகிறேன், என்ன பண்றார்னு பாருங்க’ என்றாள். அப்பா நிற்கவில்லை. ஆனால் அடி ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவில் விழுந்தது, ஒன்று நீளம், ஒன்று குட்டை, கால் தரையோடு உரசியது. பேச்சு மட்டும் தங்குதடையில்லாமல் வந்தது.

இதை யோசிக்கும்போது ஸ்வீடன் கணக்கில் எல்லோரும் தாவிவிடுகிற ஒரு பகுதி நினைவுக்கு வருகிறது. அந்த 58 பேரில் மொத்தம் விழுந்தவர்கள் 21. நின்று பேசியவர்கள் அதில் 10 பேர்தான். மீதி 11 பேர் நிற்கவே இல்லை, நடந்துகொண்டே பேசினார்கள், விழுந்தார்கள். நின்றால் கிட்டத்தட்ட நிச்சயமாக அபாயம், நிற்காவிட்டால் ஒன்றும் சொல்ல முடியாது. அதனால் ‘எங்கம்மா நடந்துகொண்டே நன்றாகப் பேசுகிறாரே’ என்று நிம்மதி அடைகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள்.

இன்னொன்றும் தோன்றுகிறது. பேச்சு வந்ததும் நின்றுவிடுகிறவர் ஒரு வகையில் புத்திசாலி. இரண்டும் முடியாது என்று உள்ளுக்குள் தெரிந்து காலுக்கு முதலிடம் கொடுக்கிறார். எங்கப்பா மாதிரி ஆட்கள் பேச்சுக்கு முதலிடம் கொடுத்துவிட்டுக் காலைக் கைவிடுகிறார்கள். பார்க்கின்சன் நோயாளிகளிடம் இந்தத் தலைகீழ் முன்னுரிமை நிறையக் காணப்படுவதாக நெதர்லாந்தில் ப்ளூம் என்ற மருத்துவரின் குழு எழுதியிருக்கிறது. அப்பாவுக்குப் பார்க்கின்சன் இல்லை. இருந்தாலும் எனக்கு நிற்கிறவரைவிட நிற்காதவரைப் பார்த்தால்தான் இப்போது வயிற்றைக் கலக்குகிறது.

பிப்ரவரி 10

‘வேகத்தைவிட அடிகளின் ஒழுங்குதானே முக்கியம்?’ என்று கேட்டவருக்கு: ஆமாம், அப்படித்தான் நானும் நினைக்கிறேன். அடிக்கு அடி நேர வித்தியாசம் அதிகமாக இருப்பவர் விழுவார் என்று ஹவுஸ்டார்ஃப் என்ற ஆராய்ச்சியாளர் 2001-லேயே காட்டினார். அதை ஸ்டாப்வாட்சில் பிடிக்க முடியாது என்பதால்தான் எல்லோரும் வேகத்தை அளக்கிறார்கள். வீட்டில் செய்ய வேண்டுமானால் கண்ணை மூடிக்கொண்டு செருப்புச் சத்தத்தைக் கேளுங்கள், ஒரே சீராக வருகிறதா என்று காதுக்கே தெரியும்.

பிப்ரவரி 14

நேற்று ஒருவர் ‘இதெல்லாம் வெள்ளைக்காரன் ஆராய்ச்சி, நம் ஊருக்குப் பொருந்துமா’ என்று எழுதியிருந்தார். பக்கத்திலேயே நடந்திருக்கிறது. நியூயார்க் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரியில் இருந்த ஜோ வர்கீஸ் இந்தத் துறையில் பெரிய பெயர். கேரளா-ஐன்ஸ்டைன் ஆய்வு என்று கோழிக்கோட்டில் முதியவர்களின் நடையையும் நினைவாற்றலையும் அவர் குழு சேர்த்துப் பார்த்தது.

வர்கீஸ் 2013-ல் ஒரு புது வரையறை வைத்தார். ‘முன்னை மாதிரி ஞாபகம் இல்லை’ என்று அவரே குறைப்படுகிறார், அதோடு அவர் வயதுக்கும் பாலினத்துக்கும் உரிய சராசரியைவிட நடை நன்றாகவே மெதுவாக இருக்கிறது, ஆனால் டிமென்ஷியா இல்லை, தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறார். இந்த இரண்டும் ஒருவரிடம் சேர்ந்து இருந்தால் அது ஒரு முன்னறிகுறி. ஸ்கேன் வேண்டாம், ரத்தப் பரிசோதனை வேண்டாம், ஒரு கேள்வியும் ஒரு ஸ்டாப்வாட்சும் போதும் என்பதுதான் இதன் பலம். அடுத்த வருடம் 17 நாடுகளில் 26,802 பேரின் தகவலைச் சேர்த்துப் பார்த்ததில் நூற்றுக்குப் பத்துப் பேர் இந்த வகையில் வந்தார்கள். பின்னர் ஆறாயிரத்துச் சொச்சம் பேரை வைத்து விழுதலையும் பார்த்தார்கள். மறதிக் குறை மட்டும் இருந்தாலும் அபாயம் கூடுகிறது, மெது நடை மட்டும் இருந்தாலும் கூடுகிறது, இரண்டும் சேர்ந்தால் அவற்றைவிடக் கூடுதல்.

பிப்ரவரி 14, இரவு

‘அப்போ எங்கம்மாவுக்கு அல்சைமரா?’ இல்லை. நான் அப்படிச் சொல்லவில்லை, அந்த டாக்டரும் சொல்லவில்லை. நூறில் மூன்று கழிக்கத் தடுமாறியதற்குக் காது சரியாகக் கேட்காததுகூடக் காரணமாக இருக்கலாம், முந்தைய இரவு தூங்காததாக இருக்கலாம், வெள்ளைக் கோட்டைப் பார்த்த பதற்றமாக இருக்கலாம். ஒரு சோதனையை வைத்து அம்மாவுக்கு நோய்ப் பெயர் வைக்காதீர்கள். தூக்க மாத்திரை ஏதும் சாப்பிடுகிறாரா என்று முதலில் பார்த்துச் சொல்லுங்கள்.

பிப்ரவரி 20

என்ன செய்வது என்று எல்லோரும் கேட்கிறீர்கள். எனக்குத் தெரிந்தவரை:

உடற்பயிற்சிக்குத்தான் வலுவான ஆதாரம். நூற்றுக்கு மேற்பட்ட சோதனைகளைச் சேர்த்து 2019-ல் காக்ரேன் என்ற, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் குழு பார்த்ததில் விழுவது சுமார் 23 சதவீதம் குறைகிறது. ஆனால் எந்தப் பயிற்சி என்பதில்தான் நம் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள். காலையில் பூங்காவில் நாலு சுற்று நடப்பது இதயத்துக்கு நல்லது, சர்க்கரைக்கு நல்லது, விழாமல் இருப்பதற்கு அது மட்டும் உதவும் என்பதற்குத் தெளிவான ஆதாரம் இல்லை. சமநிலையைச் சோதிக்கிற பயிற்சி வேண்டும், கொஞ்சம் தடுமாற்றம் வருகிற அளவுக்கு. நாற்காலியைப் பிடிக்காமல் எழுந்து உட்காருவது, ஒரு பாதத்தின் முன் இன்னொரு பாதம் ஒட்டி நிற்பது, பக்கவாட்டில் நடப்பது, குதிகாலை உயர்த்துவது. இதோடு தசைக்கான பயிற்சியும் சேர்ந்தால் பலன் இன்னும் கூடுகிறது. தாய்ச்சி என்று சீனாவில் மெதுவாக அசைந்து செய்யும் பயிற்சிக்கும் ஆதாரம் இருக்கிறது.

யோசனையையும் நடையையும் சேர்த்துப் பழக்குவதில் எனக்குப் பிடித்தது ஜெனீவாவில் நடந்தது. ஜாக்-டால்குரோஸ் முறை என்று நூறு வருடத்துக்கு மேல் பழைய இசைப் பயிற்சி, குழந்தைகளுக்குத் தாளம் கற்றுக்கொடுக்க வந்தது. பியானோ வாசிக்க வாசிக்க அதற்கேற்ப நடக்க வேண்டும், இசை மாறினால் நடை மாற வேண்டும், நடுவில் நிற்க வேண்டும், கையில் ஏதாவது பொருளை மாற்ற வேண்டும். 134 முதியவர்களை இரண்டாகப் பிரித்து ஒரு பகுதிக்கு வாரம் ஒரு வகுப்பு, ஆறு மாதம். வகுப்புக்குப் போனவர்கள் விழுவது பாதிக்கும் கீழே இறங்கியது (2011-ல் வந்தது). ஒரே ஒரு ஆய்வு, அதை வைத்து ஆடிவிடக் கூடாது. ஆனாலும் கையில் ஆதி தாளம் போட்டுக்கொண்டு நடக்கிற பாட்டிகளை யாராவது ஆராய்ந்து பார்த்தால் நன்றாக இருக்கும்.

அக்கா மகள் அப்பாவுக்கு வைத்த பாடம் இதைவிட எளிது. மொட்டை மாடியில், கைப்பிடிச் சுவர் ஓரமாக, அவள் ‘இடம்’ என்றால் இடப்பக்கம் இரண்டடி, ‘வலம்’ என்றால் வலப்பக்கம், ‘பொன்மலை’ என்றால் நிற்க வேண்டும், ‘ஸ்ரீரங்கம்’ என்றால் திரும்ப வேண்டும். சில நாள் கழித்து அர்த்தத்தை மாற்றிவிடுவாள், இனி ஸ்ரீரங்கம்தான் நிற்பது. அப்பாவுக்குக் கோபம் வரும், ‘ஸ்டேஷனை நடுராத்திரியில் மாத்தினா எப்படி?’ என்பார். பழசை அடக்கிப் புதியதைச் செய்கிற அந்தத் திறனுக்குத்தான் பயிற்சி என்று அவள் சொன்னாள். பலன் தெரிகிறதா என்றால், நாற்காலியிலிருந்து எழுவது நன்றாகவே தேறியிருக்கிறது. மற்றதெல்லாம் எனக்கு இன்னும் நிச்சயமில்லை. பேசும்போது கேட்டுக்கு அருகில் நிற்கிறார், அது பயிற்சியா, மணிக்கட்டு வலித்த ஞாபகமா என்று தெரியாது.

பிப்ரவரி 21

மாத்திரை. நேற்றே எழுதியிருக்க வேண்டும், பயிற்சியைவிட வேகமாகப் பலன் தரக்கூடிய இடம் இது. தூக்க மாத்திரை, பதற்றத்துக்குக் கொடுக்கும் மாத்திரை, மனச்சோர்வுக்கான சில மாத்திரைகள், ப்ராஸ்டேட்டுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள், சளிக்குக் கடையில் கேட்டு வாங்குகிற தூக்கம் வரவழைக்கும் மாத்திரை, இவை நடையையும் கவனத்தையும் ஒரே நேரத்தில் மந்தமாக்கும், அல்லது எழுந்ததும் ரத்த அழுத்தத்தை இறக்கிவிடும். படுத்திருக்கும்போது ஒரு முறை, எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் ஒரு முறை பிரஷர் பாருங்கள், மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். நீங்களாக எதையும் திடீரென்று நிறுத்தாதீர்கள், முக்கியமாகத் தூக்க மாத்திரையை, அது வேறு வம்பில் கொண்டுபோய் விடும்.

வைட்டமின் டி பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். குறைபாடு இருந்தால் சாப்பிட வேண்டியதுதான். அதிகம் போட்டால் அதிக பலம் என்ற எண்ணம் மட்டும் வேண்டாம். ஆஸ்திரேலியாவில் 70 வயதைத் தாண்டிய பெண்களுக்கு வருடத்துக்கு ஒரே தடவை ஐந்து லட்சம் யூனிட் கொடுத்துப் பார்த்தார்கள், 2010-ல் முடிவு வந்தது. கொடுத்தவர்கள் கொடுக்காதவர்களைவிட அதிகம் விழுந்தார்கள், எலும்பும் அதிகம் முறிந்தது.

மார்ச் 1

பேச்சு பாத்ரூம் டைல்ஸ் பக்கம் போய்விட்டது, போகட்டும். கைப்பிடிக் கம்பி போடுங்கள், ராத்திரிக்குச் சின்ன விளக்கு போடுங்கள், தேய்ந்த ரப்பர் செருப்பைத் தூக்கிப் போடுங்கள், வாசலில் மடிந்து கிடக்கும் மிதியடியையும் கூடவே. புடவையைக் கணுக்காலுக்கு மேல் கட்டச் சொன்னால் எந்த அம்மாவும் கேட்கமாட்டார், நைட்டியின் கீழ்ப்பக்கத்தை இரண்டங்குலம் மடித்துத் தைத்துவிடுங்கள், அதற்கு அனுமதி கேட்க வேண்டியதில்லை.

கண்ணுக்கு ஒரு செய்தி. புரை உள்ளவர்களுக்கு முதல் கண் அறுவையைத் தள்ளிப்போடாமல் செய்தால் விழுவது மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக இங்கிலாந்தில், நாட்டிங்ஹாமில், 2005-ல் காட்டினார்கள். அதே சமயம் ஆஸ்திரேலியாவில் கண் பரிசோதித்துப் புதுக் கண்ணாடி கொடுத்தபோது விழுவது கூடியது! புதுக் கண்ணாடிக்கு மூளை பழகும்வரை தரை இருக்கும் தூரம் தப்பாகத் தெரியும் என்பதுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். மாற்றினால் முதல் சில வாரம் படியில் கவனம். மேலே தூரத்துக்கும் கீழே படிக்கவும் என்று கலந்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படி இறங்குவது இன்னொரு ஆபத்து, குனிந்து பார்த்தால் படி கலங்கித் தெரியும்.

சிக்னல் மாறுவதற்குள் ரோடு கடக்க முடியவில்லை என்று புலம்பியவருக்கு: பிரிட்டனில் சிக்னல் நேரத்தை விநாடிக்கு 1.2 மீட்டர் நடை என்று வைத்துக் கணக்கிட்டிருந்தார்கள், அங்கேயே 65 வயதைத் தாண்டியவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அந்த வேகம் இல்லை என்று ஆய்வு வந்தது. இங்கே பச்சை எரிந்தாலும் பைக் நிற்பதில்லை, அதனால் நாம் அந்தக் கணக்குக்கே இன்னும் வரவில்லை.

மார்ச் 8

கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார், சந்தோஷம். இரண்டு வருடமாக அம்மா பக்கத்து மெடிக்கலில் வாங்கித் தூக்க மாத்திரை சாப்பிட்டு வந்தது வீட்டில் யாருக்கும் தெரியாது என்கிறார். இதுதான் நிறைய வீட்டில் நிலைமை. டாக்டர் படிப்படியாகக் குறைக்கச் சொல்லியிருப்பது சரியான வழி. குறைக்கிற வாரங்களில் தூக்கம் கெடும், ராத்திரி எழுந்து நடமாடுவார், அந்தச் சமயத்தில்தான் விழுகிற வாய்ப்பு, அதனால் யாராவது கூடப் படுத்துக்கொள்ளுங்கள்.

நடைவேகத்தை எப்போது மறுபடி பார்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். மாத்திரை முழுதும் நின்று சில வாரம் போகட்டும், அதே ஹால், அதே செருப்பு, அதே நேரம். காலையில் ஒரு தடவையும் மாலையில் ஒரு தடவையும் பார்த்து ஒப்பிடாதீர்கள். கழித்தல் வேண்டாம், காய்கறிப் பெயர் போதும், ஆனால் முதல் தடவை எதைக் கேட்டீர்களோ அதையே கேட்க வேண்டும்.

ஊன்றுகோல்: நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு எங்கே வருகிறதோ அதுதான் பிடியின் உயரம். வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். தாத்தாவின் கோல் பரணில் இருக்கிறது என்று எடுத்துக் கொடுக்காதீர்கள், அது அவர் உயரத்துக்கு வெட்டியது. அடியில் ரப்பர் தேய்ந்திருந்தால் புதுசு மாற்றிவிடுங்கள்.